பீஸ் கட்டையை உருவினால் வாடகை வந்துவிடுமா?

இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் வாடகைச் சமாச்சாரம்தான். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்றால் எப்போதும் இப்படித்தான். பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டின கையோடு வாடகை இடிக்கும். மூன்று கடிதங்களை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே இடம் நிறையப் போய்விட்டது. மற்ற இருவரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: வக்கீல் அக்காவுக்கு வணக்கம். பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். மாசியில் ஆட்டோ கவிழ்ந்து கால் முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதமாக வாடகை கொடுக்க முடியவில்லை. மாதம் 4,500 ரூபாய். அட்வான்ஸ் 30,000 கொடுத்திருக்கிறோம். 20 ரூபாய்ப் பத்திரத்தில் 11 மாதத்துக்கு எழுதினது. அது முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் ஓனர் அண்ணாச்சி வந்து மெயின் போர்டில் இருந்த பீஸ் கட்டையை (ஃபியூஸை) உருவிக்கொண்டு போய்விட்டார். ராத்திரி மெழுகுவர்த்தி வைத்துத்தான் இலை வெட்டுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பாக்கியைத் தராவிட்டால் சாமானைத் தெருவில் வைத்துப் பூட்டிவிடுவேன் என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், பேட்டை.

பதில்: தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்கு முதலில் வருகிறேன். பூட்ட அவருக்கு உரிமை கிடையாது. வீடு அவருடையதுதான், பாக்கியும் உண்மைதான். இருந்தாலும் குடியிருக்கிறவரை வெளியேற்ற கோர்ட் உத்தரவு வேண்டும். ஓனர் சொல்லி, தெருப் பெரியவர் சொல்லி, ஸ்டேஷனில் யாராவது போன் பண்ணிச் சொல்லி நீங்கள் இறங்க வேண்டிய அவசியம் இல்லை. வாடகைப் பாக்கிக்காக வீட்டைக் காலி செய்ய வைப்பது போலீசின் வேலையும் இல்லை.

மீறிப் பூட்டிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது 1963-ஆம் வருஷத்துக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு கை கொடுக்கும். சட்டப்படியான வழியில்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு, வீட்டுக்குள் திரும்பிப் போகக் கேட்கலாம். வீடு யாருடையது என்று அந்த வழக்கில் பார்க்க மாட்டார்கள். குடியிருந்தவரை முறையில்லாமல் வெளியே தள்ளினார்களா என்பதுதான் கேள்வி. ஆனால் பூட்டின பிறகு ஓடுவதைவிடப் பூட்டுவதற்கு முன்னால் ஓடுவது நல்லது. அதனால் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

பாளையங்கோட்டையில் திருநெல்வேலி மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண் என்பதே உங்களுக்குத் தகுதி. வருமானச் சான்று கேட்டு அலைய விட மாட்டார்கள். வக்கீலும் இலவசம், மனுச் செலவும் இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். அங்கிருந்து ஓனருக்கு ஒரு கடிதம் போய், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினாலே பாதி சண்டை தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பேசி முடித்ததை மக்கள் நீதிமன்றத்தில் எழுதி வாங்கிவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீல் கிடையாது.

அடுத்தது பீஸ் கட்டை. இப்போது நடப்பில் இருப்பது 2017-இல் போட்ட வாடகைச் சட்டம். நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துவதற்கு என்று நீளமான பெயர் அதற்கு. 1960-ஆம் வருஷத்துப் பழைய சட்டம் போய், 2019 பிப்ரவரி 22 முதல் இது நடப்புக்கு வந்தது. இதன் 20-ஆம் பிரிவில், தண்ணீர், கரண்ட் மாதிரியான அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று இருக்கிறது. வாடகை பாக்கி இருந்தால் நிறுத்தலாம் என்று அதில் விதிவிலக்கு எழுதவில்லை. இதை விசாரிக்க வாடகை அதிகாரி என்று துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை நியமித்திருப்பார்கள். விசாரணை முடிகிற வரை உங்களை இருட்டில் உட்கார வைக்காமல், இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். மனுவை எந்த மேசையில் கொடுப்பது என்று குழப்பம் வந்தால், திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள் நடக்குமே, அங்கே போய்க் கொடுத்துக் கையோடு மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். காலியாக நிற்கிற மெயின் போர்டைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டில் கரண்ட் எரிவதும் அதே படத்தில் தெரிந்தால் ரொம்ப நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் ஒப்பந்தம் முடிந்துபோனது, பதியவும் இல்லை. 2017 சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். 11 மாதத்துக்கு எழுதினால் பதிய வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோமே, அது 1908-ஆம் வருஷத்துப் பத்திரப் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். இந்தச் சட்டத்துக்கு அது செல்லாது. பதியாத பத்திரத்தை வைத்துக்கொண்டு உரிமை கேட்டால் அதிகாரி முகத்தைச் சுளிக்கலாம். அதைவிட, முறையான எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்க ஓனருக்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. ஆகவே ஓனரிடம் சட்டம் பேசும்போது ரொம்பவும் உரக்கப் பேச வேண்டாம்.

சரி, பாக்கிக்கு வருவோம். சட்டத்தில் ஒரு கெடு இருக்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்காதீர்கள். இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தால், ஓனர் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் பாக்கி முழுவதையும் தாமதத்துக்கான வட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டாலோ, வாடகை நீதிமன்றத்தில் கட்டிவிட்டாலோ, பாக்கியைக் காரணம் காட்டி உங்களைக் காலி செய்ய உத்தரவு போட முடியாது. அந்த ஒரு மாதம் போய்விட்டால் நிலைமை வேறு. ஒருமுறை இப்படித் தப்பித்துவிட்டு, அடுத்த ஒரு வருஷத்துக்குள் மறுபடியும் தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி வைத்தால் அந்தச் சலுகை இரண்டாவது தடவை கிடைக்காது.

ஓனர் வாயால் மிரட்டியதெல்லாம் நோட்டீஸ் ஆகாது. பதிவுத் தபால் வந்தால் மட்டும் தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள். தபால்காரரைப் பார்த்ததும் புறவாசல் வழியாகப் போய்விடுவது, பிள்ளையை விட்டு 'அம்மா ஊருக்குப் போயிருக்கா' என்று சொல்ல வைப்பது, இதெல்லாம் எனக்குத் தெரியும். நானும் அந்தப் பிள்ளையாக இருந்தவள்தான். வாங்க மறுத்த தபாலையும் கைக்கு வந்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும். தபாலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமலே உங்கள் ஒரு மாதம் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்பீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்கு ஒரு வழி கிடக்கிறது. அட்வான்ஸ் 30,000. மூன்று மாத பாக்கி 13,500. கழித்தால் 16,500 மீதி. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்பது 2017 சட்டம் வைத்திருக்கிற அளவு. இரண்டு பேரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே ஒரு சந்தும் விட்டிருக்கிறார்கள். உங்கள் கணக்குக்கு அந்த அளவு 13,500. ஆக பாக்கி முழுவதையும் கழித்த பிறகும் ஓனர் கையில் அந்த அளவுக்கு மேலேயே பணம் இருக்கும். அவர் ஒன்றும் நஷ்டப்படப் போவதில்லை.

ஆனால் 'அட்வான்ஸ்லதான் இருக்கே, கழிச்சிக்கிடுங்க' என்று நீங்களாகவே சொல்லிவிட்டு வாடகையை நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ் என்பது போகும்போது வாங்குகிற பணம். நடுவில் கழிக்க அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள்: இன்ன தேதி விபத்து, இன்னின்ன மாத வாடகை பாக்கி, அதை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளக் கேட்கிறேன், இந்த மாதத்திலிருந்து 10-ஆம் தேதிக்குள் வாடகை தருகிறேன். பீடிச் சம்பளம் சனிக்கிழமை வருவதாக இருந்தால், வாரா வாரம் பிரித்துத் தருகிறேன் என்று எழுதினாலும் சரிதான். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். போட மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அண்ணாச்சி அடித்துப் பேசுகிறவராக இருந்தாலும் பெரும்பாலும் வீட்டில் ஒரு மைனி இருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள். சட்டப் புத்தகத்தில் இல்லாத யோசனைதான் இது.

கையெழுத்தில் நான் இவ்வளவு குறியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. டவுணில் ஒரு வளவில் வளர்ந்தவள் நான். எட்டு வீட்டுக்கு ஒரு கிணறு. அப்பாவுக்குப் பாத்திரக் கடையில் கணக்கெழுதுகிற வேலை. வளவுக்கார ஆச்சி ஒன்றாம் தேதி தார்சாவில் உட்கார்ந்து, வாடகையை எண்ணி இடுப்பில் சொருகிக்கொண்டு, 40 பக்க நோட்டில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவாள். அந்த நோட்டுதான் எல்லாம். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. ஒரு வருஷம் ஆனித் தேர் சமயத்தில் அப்பா இரண்டு மாத வாடகையைச் சேர்த்துக் கொடுத்தார். தேர்ப் பரபரப்பில் ஆச்சி கோடு போட மறந்துவிட்டாள். அடுத்த மாதமே ஆச்சி போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்து வந்த மகன் நோட்டைப் புரட்டி, இரண்டு மாதம் பாக்கி என்றார். அப்பா சத்தியம் பண்ணினார். அம்மா அழுதாள். கடைசியில் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போய், அதே இரண்டு மாதத்துக்கு மறுபடியும் வாடகை கொடுத்தோம். அந்த மகன் பொய் சொன்னதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் நோட்டைப் பார்த்தார், அவ்வளவுதான்.

வாடகை வாங்கினால் கையெழுத்துப் போட்டு ரசீது தருவது இப்போது ஓனரின் சட்டக் கடமை. போனில் அனுப்பினால் 'சித்திரை வாடகை' என்று குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். 500 ரூபாய் கொடுத்தாலும் எந்த மாதக் கணக்கில் என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று. வெள்ளிக்கிழமைப் பயத்தில் வார வட்டிக்காரரிடம் போய்விடாதீர்கள். 13,500 பாக்கிக்கு ஓனர் ஒருவர்தான் வாசலில் நிற்கிறார். கந்துவட்டி வாங்கினால் நிற்கிற ஆட்கள் வேறு மாதிரி. 2003-இல் வந்த தடைச் சட்டம் இருக்கிறது, வழக்கும் போடலாம். ஆனால் அந்த வழக்கை நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று நடத்திப் பார்த்த எனக்குத் தெரியும்.

2020 ஊரடங்கில் வாடகை கேட்கக் கூடாது என்று அரசு சொன்னதே, அதைச் சொல்லலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று அப்போது வந்த மத்திய அரசு உத்தரவு அது. இப்போது செல்லாது.

கேள்வி: மேடம், அம்பாசமுத்திரத்தில் வாடகைக் கடையில் தையல் மெஷின் போட்டிருக்கிறேன். வாடகை 3,500. கடைக்காரரின் மகனுக்கு அந்த இடத்தில் மொபைல் கடை வைக்க ஆசை. தொழில் மந்தமாக இருந்ததில் ஒரு மாதம் பிந்திவிட்டது. இப்போது சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்கிறார். வாங்காமலே இருந்து, நான் பாக்கி வைத்ததாக வழக்குப் போடப் போகிறார் என்று பக்கத்துக் கடை அண்ணாச்சி சொல்கிறார். என்ன செய்ய?
– டெய்லர் ஒருவர், அம்பை.

பதில்: பக்கத்துக் கடை அண்ணாச்சி விவரமானவர், அவரை விட்டுவிடாதீர்கள். இது பழைய வித்தை. வாடகையை வாங்காமல் இருந்து பாக்கியை வளர்ப்பது.

2017 சட்டம் வீட்டுக்கு மட்டுமில்லை, கடைக்கும் உண்டு. ஓனர் வாடகையை வாங்க மறுத்தாலோ ரசீது தர மறுத்தாலோ என்ன செய்வது என்று 14-ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. தொடர்ந்து இரண்டு மாதம் தபாலில் மணி ஆர்டர் அனுப்புங்கள். அப்போதும் வாங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் கட்டலாம்.

தபால் ஆபீசுக்குப் போய் இந்த மாத வாடகையை அனுப்புங்கள். செய்திக்கான இடத்தில் எந்த மாத வாடகை, எந்தக் கடை என்று எழுதுங்கள். பழைய பாக்கியைத் தனி மணி ஆர்டராக அனுப்பினால் பின்னால் கணக்குக் குழப்பம் வராது. வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். 'பெற மறுத்தார்' என்று எழுதித் திரும்பி வரும் அந்தத் துண்டுதான் நாளைக்குக் கோர்ட்டில் உங்கள் சாட்சி. அடுத்த மாதமும் அதே மாதிரி அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பலசரக்குக் கடைக்காரர் இப்படித் திரும்பி வந்த சீட்டுகளைக் கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். வழக்கு வந்தபோது பத்தி வாசனையோடு கட்டாக எடுத்துக் கொடுத்தார்.

மகனுக்குக் கடை வேண்டும் என்பது உண்மையான தேவையாக இருந்தால், அதைச் சொல்லிக் கேட்க ஓனருக்குச் சட்டத்தில் தனி வழி உண்டு. அந்த வழியில் வந்தால் நீங்களும் பதில் சொல்லத்தான் வேண்டும். அதனால் மணி ஆர்டர் ஒரு பக்கம் போகட்டும், வேறு இடமும் பார்த்து வையுங்கள். காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டியது அவர் பொறுப்பு. பாக்கி இருந்தால் கழித்துக்கொள்ளலாம்.

அப்புறம், அந்த இடம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமானதா என்று ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அப்படி நிறைய உண்டு. அப்படி இருந்தால் நான் சொன்ன எதுவும் பொருந்தாமல் போகலாம். அறநிலையத் துறைச் சட்டத்தில் குத்தகைக் காலம் முடிந்து உட்கார்ந்திருப்பவரையே ஆக்கிரமிப்பாளர் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

கேள்வி: அம்மா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், மகாராஜநகரில் இருக்கிறேன். மாடியை 9,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடியிருக்கிறவர் ஐந்து மாதமாகத் தரவில்லை. கேட்டால் சிரிக்கிறார். எனக்கு மாத்திரைச் செலவே இந்த வாடகையில்தான் நடக்கிறது. எல்லாரும் வாடகைதாரருக்கே சட்டம் சொல்கிறீர்கள். எங்களுக்கு எதுவும் கிடையாதா? மூன்று நாளாக மாடிக்குப் போகிற மோட்டாரைப் போடாமல் வைத்திருக்கிறேன். அது தப்பா?
– முன்னாள் வாத்தியார்.

பதில்: சார், கோபம் நியாயமானது. பேட்டைத் தங்கச்சிக்கு எழுதும்போது உங்கள் கடிதமும் என் மேசையில்தான் கிடந்தது. அங்கே கால் முறிந்து கிடக்கிறவர், இங்கே சிரிக்கிறவர். இரண்டு பேருக்கும் சட்டம் ஒரே கெடுவைத்தான் வைத்திருக்கிறது.

இரண்டு மாதம் தாண்டியபோதே நீங்கள் நோட்டீஸ் கொடுத்திருக்கலாம். மூன்று மாதத்தைப் பேச்சிலேயே விட்டுவிட்டீர்கள். இப்போது கொடுங்கள். எந்தெந்த மாதம், எவ்வளவு, மொத்தம் 45,000 என்று எழுதி, கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் கையிலோ அவர் வீட்டுப் பெரியவர் கையிலோ நேரில் கொடுத்தாலும் செல்லும். இதில் எதுவும் முடியாவிட்டால்தான் கதவில் ஒட்டுவது. கைக்குப் போன நாளிலிருந்து ஒரு மாதம் பொறுங்கள். தரவில்லை என்றால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். பாக்கியைக் கேட்டு வழக்குப் போட ஒவ்வொரு மாத வாடகைக்கும் 3 வருஷம் காலம் உண்டு. அதற்காக அந்த 3 வருஷத்தையும் பேசிப் பேசியே கழித்துவிடாதீர்கள்.

ஒப்பந்தத்தைப் பதிந்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. பதியவில்லை என்றால் வக்கீலிடம் அதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். மனுவை எந்தக் காரணத்தின் கீழ் போடுவது என்பதே அதனால் மாறும்.

மோட்டார் தப்புதான். தண்ணீரை நிறுத்தினீர்கள் என்று அவர் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால், 45,000 பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகவும் பாடம் நடத்தின நீங்கள் பதில் சொல்கிறவராகவும் அந்த மேசைக்கு முன்னால் உட்கார வேண்டியிருக்கும். இந்த இதழ் கைக்கு வந்த அன்றைக்கே மோட்டாரைப் போட்டுவிடுங்கள் சார். போட்டுவிட்டு நோட்டீஸ் எழுத உட்காருங்கள்.